மூன்றாம் அறை நாற்காலி

அம்மாவைப் படத்திலிருந்து எடுத்தாகிவிட்டது. அவள் நிழல்தான் போகமாட்டேன் என்றது.

கோடைக் கண்காட்சியை நேரில் வர முடியாதவர்களும் வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்கும்படி, ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, ஓரங்களை ஒட்டி, இணையத்தில் ஏற்றுவது மகளுடைய வேலை. மானிட்டரில் மூன்றாம் அறை விரிந்திருந்தது. கூரையிலிருந்து தேய்ந்த செருப்புகள் கம்பி கம்பியாகத் தொங்கின. படைப்பின் பெயர் 'உழைப்பு'. அதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள் யாரும் மூலையில் இருக்கும் மர நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எதையும் யாரும் தொட்டுவிடாமல் நாள் முழுக்கக் காவலுக்கு அதில் உட்கார்ந்திருப்பவள் அம்மா. உட்கார்ந்தே இடுப்பு போனது. அந்தச் சம்பளத்தில்தான் மகள் படித்தாள். அவர்கள் வீட்டுக்குள் ஒரு பட்டம் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"மூலையில இருக்கிற அந்த அம்மாவை எடுத்துடு," என்றிருந்தார் கண்காட்சிப் பொறுப்பாளர் மேடம். "ஆள் தெரிஞ்சா செருப்புகளோட தனிமை போயிடுது."

'அது எங்க அம்மா' என்பது தொண்டை வரை வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விழுங்கிக்கொண்டாள். படத்தில்தானே.

நிழல் மட்டும் அழிக்க அழிக்க, துடைத்த தரையில் ஈரம் ஊறுவது போல மறுபடி ஊறி வந்தது. கடைசியில் பக்கத்துத் தரையை வெட்டி எடுத்து அதன் மேல் ஒட்டி அமுக்கினாள். படம் இணையத்தில் ஏறியது.

மதியம் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு மகளைத் தேடி வந்தாள். ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மேசை, பாட்டில், மின்விசிறி எல்லாவற்றுக்கும் சுவரில் நிழல் இருந்தது. டப்பாவுக்கும் இருந்தது. பிடித்திருக்கும் கை இல்லாமல், அந்தரத்தில், டப்பாவின் நிழல் மட்டும்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா."

"வாசல்ல தானா திறக்கிற இந்தக் கண்ணாடிக் கதவு காலையில இருந்து எனக்குத் திறக்கவே மாட்டேங்குது. முன்னாடி நின்னு கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டறேன். யாராச்சும் உள்ளே வந்தா அவங்க பின்னாடியே ஓட வேண்டியிருக்கு. கதவுக்குக்கூட நான் இளப்பம் பாரு!" அம்மா சிரித்தாள். சிரித்த வாயின் வழியே, பின்னால் இருந்த சுவரின் விரிசல் தெரிந்தது.

அம்மா நாற்காலிக்குத் திரும்பியதும் மகள் கம்ப்யூட்டரிடம் ஓடினாள். இணையப் பக்கத்தை நீக்கினாள். பயனில்லை, அதற்குள் படம் கைபேசி கைபேசியாகப் பரவிவிட்டது. 'என்ன ஒரு வெறுமை!' என்று ஊரே பாராட்டிக்கொண்டிருந்தது. கேமராவில் இருந்த மூலப் படங்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் நாற்காலி காலி. அழித்தது ஒரே ஒரு படத்தில்தான். பட்டமளிப்பு அன்று எடுத்த படத்தைக் கைபேசியில் தேடினாள். கறுப்பு அங்கியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கை காற்றின் தோளை அணைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் அறைக்குள் நுழையும்போதே அம்மா இடுப்புக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை மூக்கைக் காரமாகத் தொட்டது. ஏசியின் முனகலுக்கு அடியில் யாரோ கனமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேலே செருப்புகள் காற்றே இல்லாமல் அசைந்தன.

நாற்காலி காலி.

"அம்மா?"

"இங்கதான்டி இருக்கேன். எத்தனை தடவை கூப்பிடறது?" பக்கத்து வீட்டுச் சுவர் வழியே வருவது போன்ற குரல்.

துழாவினாள். கை. சூடான, காய்ப்பு ஏறிய கை.

"எந்திரிம்மா. வீட்டுக்குப் போயிடலாம்."

"முடியலடி. காலைத் தேடறேன். காணோம்."

வாசலில் பேச்சுக் குரல். பார்வையாளர்கள். கணவன், மனைவி. பருத்த மனைவிக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உட்காராதீங்க! ஆள் இருக்காங்க!"

"ஆள் எங்கேம்மா?"

"எங்க அம்மா! எங்க அம்மா உட்கார்ந்திருக்காங்க!" சொல்லிவிட்டாள். கத்தியே சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண்மணி காலி நாற்காலியைப் பார்த்தார். வெற்றுக்காற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு அழுகிறவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது போலத் தலையாட்டினார்.

"ஓ, இதுவும் கண்காட்சியில ஒண்ணா? தத்ரூபமா பண்றியேம்மா. நல்லா வருவே."

உட்கார்ந்தார். முழுக் கனத்தோடு.

"பார்க்க மரம் மாதிரி இருக்குங்க. உட்கார்ந்தா மெத்து மெத்துன்னு, சூடா இருக்கு."

மகளின் கைக்குள் இருந்த விரல்கள் அவள் எலும்பு நொறுங்கும்படி இறுகின. கண்ணுக்குத் தெரியாத நகங்கள் மணிக்கட்டில் இறங்கின. ரத்தம் துளிர்த்தது. கணவர் கைபேசியை உயர்த்தினார்.

மனைவி படத்துக்காக நிமிர்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.