ஒன்பது முறை தவறான விடை

செவ்வாயின் செம்பரப்புக் குடியிருப்பில் காலையில் வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் கதவுக்கு விடை சொல்லியாக வேண்டும். சாவி கிடையாது. கதவு ஒரு வேதிவினையைச் சொல்லும். அது சேர்க்கையா, சிதைவா, இடப்பெயர்ச்சியா, இரட்டை இடப்பெயர்ச்சியா, எரிதலா என்று ஐந்தில் ஒன்றைச் சரியாகச் சொன்னால் திறக்கும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், எதை எதனோடு கலந்தால் என்ன ஆகும் என்று தெரியாத ஒரு புண்ணியவான் ஒரு கூடாரத்தின் காற்று முழுவதையும் கெடுத்துவிட்டான். அன்றிலிருந்து வேதியியல் தெரியாதவர் யாரும் வெளியே நடமாடக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான்.

என்ன கூத்து என்றால், எல்லா விடைக்கதவுகளும் ஒரே நாளில் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். எனவே முதல் நாள் மாலையே, பழைய கேள்விகளையெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் ரெஜினா அக்கா 'நாளை வரக்கூடியவை' என்று பத்துக் கேள்விகளை விடையோடு எல்லோருடைய மணிக்கட்டுத் திரைக்கும் அனுப்பிவிடுவாள். காலையில் ஒப்பித்துவிட்டு மத்தியானத்துக்குள் மறந்துவிடலாம். நாலாயிரம் பேர் அப்படித்தான் வேதியியல் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

அன்று கதவு கேட்டது: "மெக்னீசியமும் ஆக்சிஜனும் வினைபுரிந்து மெக்னீசியம் ஆக்சைடு உருவாகிறது. வகை என்ன?"

மாசிலாமணி சட்டையை மாட்டிக்கொண்டே "சேர்க்கை" என்றான். கதவு திறந்தது. ஏழாம் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்து நின்றவள் அவன் மனைவி பவளக்கொடி, காற்றுப் பிரிவின் மேற்பார்வையாளர்.

"எரிதல்," என்றாள்.

"தவறு. விடை: சேர்க்கை. மீண்டும் சொல்லவும்."

"எரிதல்."

வீம்புக்காகச் சொல்லவில்லை அவள். ஊர்திகளுக்கு எரிபொருளாகும் மெக்னீசியத் தூள் ஏழாம் கிடங்கில் நாற்பது டிரம் இருந்தது, ஆக்சிஜன் தொட்டிகளை ஒட்டினாற்போல. ஒரு பொறி போதும். இடத்தை மாற்றுங்கள் என்று மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் கிடங்கு இயந்திரம் ஒரே பதிலைத்தான் அனுப்பியது: 'இப்பொருள் சேர்க்கைப் பட்டியலில் உள்ளது. எரிதல் பட்டியலில் இல்லை. இடமாற்றம் தேவையில்லை.' அந்தப் பட்டியலும் கதவின் விடையும் ஒரே விடைக்கோப்பிலிருந்து வருபவை. தினமும் பத்து மணி நேரம் அந்த டிரம்களுக்கு நடுவில் நிற்பவன் அவள் புருஷன்.

விடைக்கோப்பைத் திருத்த ஒரே வழிதான் இருந்தது. தவறென்று கதவு சொல்லும் விடையையே ஒருவர் ஒன்பது முறை மாற்றாமல் சொன்னால், விடைக்குழு நேரில் வந்து கேட்டாக வேண்டும். இதுவரை யாரும் இரண்டைத் தாண்டியதில்லை. எட்டு மணிக்குள் கதவு திறக்காவிட்டால் பதவி பறிபோய்விடும், அதனால்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து சுவர் ஒலிபெருக்கியில் ரெஜினா அக்காவின் குரல் வந்தது. "ஏண்டி கொடி, காலங்காத்தால கதவோட என்ன வம்பு? சேர்க்கைன்னு சொல்லித் தொலைச்சிட்டு வெளிய வா. நேத்தே அனுப்பினேனே."

"எரியறதை எரியறதுன்னு சொல்லாம வேற எப்படிக்கா சொல்றது?"

"எரிஞ்சா உனக்கென்ன, சேர்ந்தா உனக்கென்ன? மார்க் வருதான்னு பாரு."

எட்டு மணி அடித்தது. பதவி போனது. ஆனாலும் பவளக்கொடி ஒன்பதாவது முறையாக "எரிதல்" என்றாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் தாசரதி பொறுமையாகத்தான் கேட்டார். "ரெண்டு பொருள் சேர்ந்து ஒண்ணாகுதேம்மா. அது சேர்க்கை இல்லையா?"

"சேர்க்கைதான். எரிதலும்தான். நான் என் அம்மாவுக்கு மகள், என் மாமியாருக்கு மருமகள். ரெண்டுல நீ எதுன்னு கேட்டா ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைக்கவா முடியும்? சூடும் வெளிச்சமுமா எரியுது சார் அது. உங்க கட்டத்துல அடைச்சுட்டா எரியாம இருந்துடுமா? அங்க நிக்கறது என் புருஷன்."

ஐவரும் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மாலைக்குள் விடைக்கோப்பு திருத்தப்பட்டது: 'சேர்க்கை, எரிதல் இரண்டும். காரணம் கூறுக.' பதவியும் திரும்பக் கிடைத்தது. பவளக்கொடி ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாளும் கதவு அதே கேள்வியைக் கேட்டது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னான்:

"சேர்க்கைதான் எரிதலும்தான் நான் என் அம்மாவுக்கு மகள் என் மாமியாருக்கு மருமகள்..."

'அங்க நிக்கறது என் புருஷன்' வரை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். "சரி," என்று கதவு திறந்தது. நடைபாதை நெடுக எல்லா வீட்டிலிருந்தும், தாசரதி வீடு உட்பட, ஆண்களும் பெண்களும் மாமியாருக்கு மருமகளாகிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க உளர்றீங்க?"

"ரெஜினா அக்கா அனுப்பினது. ஒரு வார்த்தை விட்டாலும் அரை மார்க் போயிடுமாம்."

"அது கெடக்கட்டும். டிரம்மை எல்லாம் நகர்த்தியாச்சா?"

"எந்த டிரம்?" வாசலில் நின்றபடியே யோசித்தான். "ஓ, அதுவா. ஒரு பொருள் ரெண்டு பட்டியல்ல இருந்தா முதல்ல எழுதினதுதான் செல்லுமாம். கிடங்கு மெஷின் சொல்லிடுச்சு."

"உங்களுக்குக் கை இல்லையா? எரியும்னு இப்பத்தானே உங்க வாயால சொன்னீங்க?"

"அது கதவுக்குச் சொன்னது கொடி."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவனை இடித்துத் தள்ளிவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே நடந்தாள்.

"விடை சொல்லவும்," என்றது கதவு.

"கிடங்குல வந்து கேளு."

விடை சொல்லாமலும் வெளியே போகலாம் என்று முப்பத்தொரு வருஷமாக யாருக்கும் தோன்றியதில்லை. ஏழாம் கிடங்கில் அவளே டிரம்மைச் சாய்த்து உருட்டத் தொடங்கினாள். 'அனுமதியில்லை' என்று இயந்திரம் கத்திக்கொண்டே இருந்தது. பின்னாலேயே ஓடிவந்த மாசிலாமணி வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த டிரம்மைப் பிடித்தான். பத்தாவது டிரம் வெளியே வந்தபோது வாசலில் நூறு பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெஜினா அக்கா முன்னால் வந்தாள். "கொடி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அவரை இடிச்சுத் தள்ளினியே, எந்தத் தோளால? நாளைக்குக் கேட்டாலும் கேப்பாங்க."

"இந்தப் பக்கம் பிடிங்கக்கா," என்று பவளக்கொடி வலது தோளால் ஒரு டிரம்மை அவள் மேல் சாய்த்தாள்.

ரெஜினா அக்கா இடக்கையால் டிரம்மைத் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டுத் திரையை வாய்க்கு அருகில் கொண்டுபோய், "வலது தோள்," என்று பதிந்துகொண்டாள்.