மடிநாள்

லூர்தக்கா "பன்னிரண்டு நாள்" என்றதும் அவள் தொண்டைக்குழியில் கிடந்த மெய்மணி சிவந்தது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, பத்து."

சிவப்பு மாறவில்லை.

"எக்கா, ஒங்கள விட ஒங்க மணி ரோஷக்காரியால்லா இருக்கு," என்றான் வெல்டிங் அணித் தலைவன் பிச்சையா.

"நீ நேத்து சிவந்தத மறந்துட்டியால?" என்று அவனை அடக்கிவிட்டு, லூர்தக்கா ஜெபமலரிடம் திரும்பினாள். "எட்டு நாள், பிள்ள. நெசமா அவ்வளவுதான்."

மணி பச்சையானது.

கடலில் மிதக்கும் காற்றாலைகளைக் கட்டும் தளம் அது, தூத்துக்குடிக்குத் தெற்கே. லூர்தக்காவின் அணி கிரேன்களை ஓட்டியது. ஜெபமலர் திட்ட மேலாண்மை படித்துவிட்டு, பயிற்சி மேலாளராக அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மெய்மணி தொண்டை நரம்புகளின் அதிர்வைப் படிக்கும். வாய் சொல்வதும் மனம் நினைப்பதும் ஒன்றானால் பச்சை, வேறானால் சிவப்பு. சொன்னது நடக்குமா என்பது அதற்குத் தெரியாது. ஒப்பந்தக் கூட்டங்களில் அது இல்லாமல் யாரும் உட்கார முடியாது.

மணி வருவதற்கு முன் அணித் தலைவர்கள் தங்கள் மனக்கணக்குக்கு மேல் சில நாட்களைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். மழைக்கு, காய்ச்சலுக்கு, அறுந்துபோகும் கம்பிக்கு. மடியில் முடிந்து வைப்பதால் அதற்கு மடிநாள் என்று பெயர். மேலாளர் பாதியை வெட்டுவார். அது தெரிந்து அடுத்த முறை இன்னும் கூட்டிச் சொல்வார்கள்.

ஜெபமலர் படித்த முதல் பாடமே இதுதான். ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்த நாட்களை வெளியே எடுத்து, திட்டத்தின் கடைசியில் பொதுமடி என்று ஒன்றாகப் போட வேண்டும். இடைஞ்சல் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வராது. அதனால் குறைந்த நாட்களே போதும். அந்தக் கணக்கின் அழகு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"காத்துக்கு என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் லூர்தக்கா. "காத்தடிக்கிற ஊருன்னு இங்க வந்து காத்தாலை கட்டுதாவ. காத்தடிச்சு நான் கிரேன நிறுத்துனா என்னைய வையுதாவ. தேதி தவறுனா எங்க வேலை தொலைக்கரத்துக்குல்லா போயிரும்."

சென்னையில் உட்கார்ந்தபடி ஒரே ஆள் பல கிரேன்களை இயக்கும் கருவிதான் தொலைக்கரம். அதற்கு இங்கே ஓட்டுநர்கள் தேவையில்லை.

"பொதுமடியிலேர்ந்து எடுத்துக்கலாங்க்கா. அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தார்கள். பச்சை.

அதன்பின் ஒருவரும் சிவக்கவில்லை. மனதில் இருந்த கணக்கை அப்படியே சொன்னார்கள்.

லூர்தக்காவின் எட்டு நாள் தொடங்கிய வாரத்தில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறியது. கிரேன்கள் நின்றன. ஜெபமலர் திட்டத்திரையைத் திறந்து பொதுமடியைத் தொட்டாள். காலியாக இருந்தது. தலைமை மேலாளர் ஸ்ரீவத்சனின் அறைக்கு ஓடினாள்.

"சார், பொதுமடியில ஒரு நாள்கூட இல்ல."

"இருக்காது. நீ கணக்கு முடிச்ச அன்னிக்கே அந்த நாளையெல்லாம் கழிச்சு, கிளையன்ட்டுக்குத் தேதியை முன்னாடி தள்ளிக் கொடுத்தாச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. நல்ல வேலை பண்ணியிருக்கே."

"அது அணிகளோட நாள் சார்."

"பாடத்துல அப்படித்தான் இருக்கும். நான் எப்பவாவது சொன்னேனா?"

அவள் யோசித்தாள். இல்லை. பாடத்தைப் படிக்கச் சொன்னார். அன்றைய கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே அவங்ககிட்ட பேசியிருக்கலாமே சார்."

"நான் பேசினா சிவக்கும்மா." அவர் குரலில் கோபமில்லை, கூச்சமும் இல்லை. "நம்பறவங்க சொன்னாத்தான் பச்சை வரும். வருஷா வருஷம் காலேஜ்லேர்ந்து நேரா ஆள் எடுக்கறோமே, எதுக்குன்னு நினைச்சே?"

காற்று தணிந்தபோது தேதி தவறியிருந்தது; கிரேன்கள் தொலைக்கரத்துக்குப் போய்விட்டன. லூர்தக்கா கிரேன் கூண்டில் தன் இருக்கை மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜெபமலர் ஏணியில் ஏறிப்போய் வாசலில் நின்றாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும் பிள்ள. நாங்கதான் பாத்தோமே." அவள் தண்ணீர்ப் பாட்டிலைப் பைக்குள் திணித்தாள். "நீ பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே சிவந்திருக்கும். நானும் எட்டுக்கு ஒத்துருக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். லூர்தக்கா திட்டவில்லை. "வழிய விடு, எறங்கணும்," என்றாள்.

அடுத்த கட்டத்துக்கான கூட்டம் கூடியது. திரையில் கிளையன்ட் அம்மாள் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீவத்சனின் முகத்தைப் பார்க்காமல் ஜெபமலர் கேட்டாள். "பிச்சையா அண்ணே, வெல்டிங் வேலைக்கு எத்தனை நாள்?"

"தெரியாது."

பச்சை.

பெயின்ட் அணியைக் கேட்டாள். தெரியாது. கேபிள் அணியைக் கேட்டாள். தெரியாது. எல்லாம் பச்சை.

ஸ்ரீவத்சன் எழுந்துவிட்டார். "இத்தனை வருஷமா செய்யற வேலை, தெரியாதுன்னா எப்படிப்பா?"

"கணக்குப் போடுறதையே விட்டுட்டோம் சார்," என்றான் பிச்சையா. "மனசுல ஒண்ணு கெடந்தாத்தான மணி பிடிக்கும்? காலைல வாறோம், கெடக்க வேலையச் செய்யுதோம், வீட்டுக்குப் போறோம். எப்ப முடியும்னு ஒரு பய நெனைக்கிறதில்ல."

"தேதி இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் திரையிலிருந்த அம்மாள்.

ஸ்ரீவத்சன் ஜெபமலரைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அவள் தன் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே ஒரு தேதியும் இல்லை.

"எனக்கும் தெரியாது சார்."

பச்சை.

"அப்போ நீங்களே சொல்லுங்க, மிஸ்டர் ஸ்ரீவத்சன்," என்றார் அந்த அம்மாள்.

அறை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் கை மேலே போயிற்று, மணியை மறைத்தபடி அங்கேயே நின்றது.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்க," என்றார் திரையிலிருந்த அம்மாள்.