கழுவாத கை

1991 ஆவணியில், பென்னலூர் கோதண்டத்துக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தாள் செந்தாமரை. ஓட்டு வீடு. உள்ளே கால் வைத்ததுமே சோப்பு வாசனை மூக்கில் ஏறியது.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கோதண்டம் நேரே கொல்லைத் தொட்டிக்குப் போவான். முழங்கை வரை தேய்ப்பான். தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும் விடமாட்டான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தன்னைத் தொட்டுவிட்டு எழுந்துபோய்க் கழுவியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"செத்துப்போனவளத் தொட்டுட்டும் இப்டித்தான் கழுவிக்கினு கெடந்தீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என் கையாலதான் சந்திரம்மாளுக்குக் காய்ச்சல் ஒட்டிக்கிச்சு. உனக்கும் ஒட்டிடுமோன்னு பயமா கீது, தாமரை."

அத்தனை பேச்சிலும் அந்தப் பெயர் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது.

கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு இருவரும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநல மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

"இது பைத்தியமில்லம்மா. ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கிற நோய். கழுவக் கழுவ பயம் வளரும். மாத்திரை தரேன். ஆனா அவர் உங்க கையைப் பிடிச்சுட்டு, கழுவாம உட்காரணும். பயம் ஏறும். அப்புறம் தானா இறங்கும்."

ஷிப்ட் முடிந்த மாலைகளில் கைகோத்து உட்கார்ந்தார்கள். முதலில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, உடம்பு நடுங்கியது. ஐப்பசிக்குள் நடுக்கம் குறைந்தது. கார்த்திகையில் ஒருநாள், சிரித்தபடியே கையை விடாமல் இருந்தான்.

'ஜெயிச்சுட்டேன்டி சந்திரம்மா' என்று செந்தாமரை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கொல்லையில் யாரோ தண்ணீர் மொண்டார்கள்.

கோதண்டத்தின் இரண்டு கைகளும் அவள் கைகளுக்குள் இருந்தன.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தாள்.

"இன்னா?"

சரக்... சரக்... தேய்க்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். யாருமில்லை. தொட்டியடிக் கல்லின்மேல் நுரை மட்டும் குமிழ் குமிழாக உடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அவன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் தாழிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தாள்.

எரிச்சலில் விழிப்பு வந்தது.

நேற்று அவன் பிடித்திருந்த வலது கை, முழங்கை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோல் உரிந்து சிவந்திருந்தது.

அலறிக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.

இடது கையைச் சில்லென்ற விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. மெல்ல, மிகப் பொறுமையாக, சோப்புப் போடத் தொடங்கின.