இடப்பக்கத்துக் குளிர்

ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. சோலைராஜ் கடைசி ஆளாக இறங்கினான். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு. மனைவி இசக்கியம்மாளை எரித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மில் ஆபீசில் லீவு எழுதும்போது, காரணம் என்ற இடத்தில் ‘குழந்தை’ என்று ஒரே சொல்லை எழுதினான். பி.எஸ்ஸி. படித்தவன். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், வேப்பமரத்தை ஒட்டி, குறைமாதப் பிள்ளைகளின் அறை. டெட்டால் வாடையும் புளித்த பால் வாடையும் கலந்து நின்றன. நான்கு தொட்டில்களில் மூன்று காலி. நான்காவதில், பல்பு வெளிச்சத்துக்கு அடியில் அவன் மகள் கிடந்தாள். ஆயிரத்து இருநூறு கிராம்.

இரட்டையில் அவள் இரண்டாவது. முதலில் வந்த ஆண்பிள்ளை அழவே இல்லை.

நர்ஸ் ஞானபாக்கியத்துக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன், தொண்ணூற்றைந்தில், வெளியூருக்குப் பயிற்சிக்குப் போய் இந்த வைத்தியத்தைக் கற்று வந்திருந்தாள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல, சின்னப் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவது. கரண்ட் போனால் பல்பு ஆறிவிடும், நெஞ்சு ஆறாது என்பாள். இந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. இசக்கியின் வீட்டுப் பெண்களை ஞானபாக்கியம் கூப்பிட்டுப் பார்த்தாள். தாயை முழுங்கின பிள்ளை என்று ஒருத்தி வாய்விட்டே சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அவனுக்கு ஆள் அனுப்பினாள்.

அவன் சட்டையைக் கழற்றத் தயங்கி, நெஞ்சு முடியைத் தடவினான்.

"கங்காருக்கும் முடி உண்டு தம்பி. கழத்துங்க."

குளித்துவிட்டு வந்தவனைச் சாய்வாக உட்காரவைத்தாள். பிள்ளையைத் தவளை மாதிரி கைகால் மடக்கி நடுநெஞ்சில் வைத்தாள். பேண்டேஜ் துணிச் சுருளிலிருந்து ஒரு பாகத்தைச் சரக்கென்று கிழித்து, முதுகைச் சுற்றிக் கட்டினாள். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிரசவ அறை வராந்தாவில் கேட்டது. இதே சுருளில் கிழித்த துணியில்தான் அந்த இன்னொன்றைச் சுற்றினார்கள்.

ஆயிரத்தெண்ணூறு வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். ஆயிரத்து நூறுக்குக் கீழே போனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

முதல் நாள் மத்தியானமே அதைக் கவனித்தான். நெஞ்சின் இடதுபக்கம், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் குளிர்ந்திருந்தது. பிள்ளை ஈரம் பண்ணிவிட்டாள் என்று விரலை விட்டுப் பார்த்தான்.

காய்ந்துதான் இருந்தது.

செத்த நேரம் கழித்து வந்த நர்ஸ், பிள்ளையை ஏன் வலதுபக்கம் தள்ளி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அவன் தள்ளவில்லை. நடுவில் வைத்துக் கட்டினாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளை மறுபடி வலதுபக்கம் போயிருந்தது. ஒரே திண்ணையில் இரண்டு பேர் உட்கார, ஒருவர் ஒதுங்கிக்கொண்டதுபோல.

மறுநாள் ஆயிரத்து நூற்றெண்பது. அதற்கடுத்த நாள் ஆயிரத்து நூற்றைம்பது. வலது பாதம் சூடாக இருந்தது. இடது பாதம் ஐஸ். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று ஞானபாக்கியம் சொன்னாள். அதை அவனிடம் சொல்லவில்லை, தெர்மாமீட்டரிடம் சொன்னாள்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிள்ளையோடு எழுந்து ஜன்னல்வரை நடப்பான். திரும்பி வருவான். மறுபடி நடப்பான். நடக்கும்போது இடதுபக்கம் ஏதோ மிக லேசாக, ஒவ்வொரு எட்டுக்கும் மோதியது.

ஐந்தாம் நாள் இசக்கியின் அண்ணன் கருத்தப்பாண்டி வத்திராயிருப்பிலிருந்து வந்தான். வாழைப்பழமும் பன்னும் வாங்கி வந்திருந்தான். ஊர்க்கதை பேசினான், மழையில்லை என்றான். சோலைராஜ் குறுக்கே கேட்டான்.

"அவனை எங்க வச்சிய மச்சான்?"

கருத்தப்பாண்டி வாழைப்பழத்தைக் கீழே வைத்தான்.

"ஓடைக்கரையில மாப்ள. வராந்தாவுல முகம் பாக்கியளான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டிய."

"எப்படிக் கொண்டு போனிய?"

"வயர்கூடையில." சத்தம் இறங்கிவிட்டது. "சைக்கிள் ஹேண்டில்ல மாட்டித்தான் போனேன். கையில வச்சுக்க மனசு வரல. வழியெல்லாம் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சு."

அப்படியானால் அந்தப் பிள்ளையை ஒருத்தருமே நெஞ்சில் வைக்கவில்லை. இசக்கி மயக்கத்திலேயே போனவள். சோலைராஜ் முகம்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடிப்பூரத் தேர். தேர் போகும் வழியில் மின்கம்பி இடிக்கும் என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். பட்டப்பகல். ஃபேன் நின்ற அறையில், தூரத்துக் கொட்டுச் சத்தம் வருவதும் அடங்குவதுமாக இருந்தது.

தராசு ஆயிரத்து நூற்றுப்பத்து காட்டியது.

பன்னிரண்டு மணிக்கு அவள் மூச்சு நின்றது.

ஞானபாக்கியம் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினாள். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவதில் பிள்ளை விக்கி இழுத்தது. உதடு நீலமாகவே இருந்தது. நெஞ்சோடுதானே இருக்கிறாள், சூடெல்லாம் எங்கே போகிறது என்று நர்ஸ் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

சோலைராஜுக்குத் தெரிந்தது.

"சிஸ்டர். ரெண்டும் பிழைச்சிருந்தா எப்படிக் கட்டுவிய?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆளுக்கு ஒரு பக்கம். ஒண்ணு சூட்டை ஒண்ணு எடுக்காம, ரெண்டுக்கும் நெஞ்சு படணும்."

அவன் துணியைத் தளர்த்தினான். மகளை வலதுபக்கம் நன்றாக நகர்த்தினான். இடதுபக்கம் ஒரு பிள்ளை அளவுக்கு இடம் விட்டான். அந்த வெற்றிடத்தின்மேல், முதுகைத் தாங்குவதுபோல உள்ளங்கையைக் குவித்து வைத்தான்.

"வா," என்றான்.

கொட்டுச் சத்தம் அடங்கியது.

கைக்கடியில் ஏதோ அசைந்தது. பாசிமணி கோத்ததுபோல, சின்னச் சின்னதாக, ஒரு முதுகெலும்பு.

பிறகு வந்த குளிர் அவன் எலும்புக்குள் இறங்கியது. பற்கள் அடித்துக்கொண்டன. ஓடைக்கரை ஈரமண்ணின் வாடை மூக்கில் ஏறியது. ஞானபாக்கியம் இரண்டு கம்பளிகளை அவன்மேல் போட்டுவிட்டு, மகளின் இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மகள் ஒருநாளும் எடை குறையவில்லை. பத்து கிராம், இருபது கிராம். அவன்தான் இளைத்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இடது நெஞ்சில் தோல் வெளுத்து ஒரு வட்டம் விழுந்தது. ஆனால் குளிர் நாளுக்கு நாள் குறைந்துவந்தது. ஒரு மாதம் கழிந்தபோது அந்த இடம் தண்ணீர்ப் பானையின் குளிர்ச்சிக்கு வந்திருந்தது. பொறவு அதுவும் இல்லை. ஒரு காலையில் தடவிப் பார்த்தான். மற்ற இடம்போலவே வெதுவெதுப்பாக இருந்தது.

போய்விட்டான் என்று நினைத்தான். அன்றைக்குத்தான் முதன்முறையாக அழுதான்.

நாற்பத்தேழாம் நாள் ஆயிரத்து எண்ணூற்றிருபது. கருத்தப்பாண்டி வாசலில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஞானபாக்கியம் துணிக்குள் கையை விட்டு மகளை வெளியே எடுத்தாள். பிள்ளை பெரிய குரலில் கத்தியது. நர்ஸ் சிரித்தாள். அம்புட்டு நாளில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"இனிமே கட்ட வேண்டாம் தம்பி. துணிய அவுத்துத் தாங்க."

அவன் முடிச்சில் கை வைத்தான்.

வலதுபக்கம் துணி தொய்ந்து கிடந்தது.

இடதுபக்கம் தொய்யவில்லை.

ஞானபாக்கியத்தின் சிரிப்பு நின்றது. மகளைத் தன் தோளோடு இறுக்கிக்கொண்டு ஓர் எட்டு பின்னால் போனாள். அவள் கண் அவன் நெஞ்சில் இருந்தது. அவனும் குனிந்து பார்த்தான். அவன் மூச்சு விடும்போதெல்லாம் துணி ஏறி இறங்கியது.

அவன் மூச்சைப் பிடித்து நிறுத்தினான்.

துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.