நெரெய்தாவின் கச்சை

சான் அன்டோனியோவில் மாமியார் ஒஃபேலியாவின் பழைய வீட்டு வாசலில் மாரிசேலா கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது கோழி சூப் மணந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் இங்கேதான். மாமியார் பேத்தியைப் பார்க்கவில்லை. மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"உள்ள இன்னொண்ணு இருக்கோ?"

கட்டிலில் ஃபாஹா காத்திருந்தது. மூன்று வரிசைக் கொக்கி வைத்த இடுப்புக் கச்சை. ஓரகத்தி நெரெய்தா கட்டியது. பிரசவமான முப்பத்தெட்டாம் நாள் அதைக் கட்டியபடியே அவள் மூச்சடைத்துச் செத்துப்போனாள்.

"சவப்பெட்டியில வச்சப்பக்கூட என்ன இடுப்பு தெரியுமா அவளுக்கு. ஞானஸ்நானத்துக்குள்ள நீயும் மூணாவது வரிசைக்கு வந்துரணும்."

பெருமையாகத்தான் சொன்னாள் மாமியார், பாவி.

"அம்மா சொல்றதக் கேளேன். போட்டோ எடுக்கணும்ல," என்றான் புருஷன் ரொகேலியோ, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாரிசேலா தளர்வான முதல் வரிசையில் மாட்டிக்கொண்டாள். அறையைத் தாழிட்டுக்கொண்டு மத்தியானம் கண்ணயர்ந்தாள். விழித்தபோது கொக்கிகள் இரண்டாவது வரிசையில் இருந்தன.

புளித்த பால் வாடை வந்தது.

முதுகில் ஈர விரல்கள் பட்டன.

"உள்ள இழு," என்றது காதோரம் ஒரு குரல். உதவி செய்கிற குரல்.

அப்புறம் தினமும் அதே கூத்து. மார்பில் பால் வற்றியது. படியேறினால் கண் இருட்டியது. "இப்பதான் மனுஷி மாதிரி இருக்க," என்றாள் மாமியார்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில்தான் ஞானஸ்நானம். கொக்கிகள் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தன. மூச்சு பாதியிலேயே நின்றது. கத்தரிக்கோலை எடுத்துக் கச்சையை நறுக்கிக் குப்பையில் போட்டாள். தொளதொள கவுனை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"அடுத்தது எத்தனாவது மாசம்?" என்றாள் ரொகேலியோவின் சித்தி.

"மாசமில்ல சித்தி, சாப்பாடு," என்றாள் மாரிசேலா. வயிறு குலுங்கச் சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம் ஒரு முழு மூச்சு.

சித்தி விடவில்லை. குழந்தையின் தொப்பையைக் கிள்ளினாள்.

"ஆத்தாளுக்குத்தான் துப்பில்ல. இவளுக்காவது நெரெய்தா இடுப்பு அமையட்டும்."

"ஆமென்," என்றாள் ஒஃபேலியா.

வீட்டுக்கு வந்து குழந்தையின் வெள்ளை அங்கியைக் கழற்றினாள் மாரிசேலா. புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது.

பிஞ்சு இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகக் கொக்கித் தடம். ஒரே ஒரு வரிசை.

குழந்தை அழவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.