விலாசம்: நர்மதா!

"ஐயோ... சாமீ!"

நர்மதா போட்ட அலறலில் கொழிஞ்சாம்பாறையின் அந்த வீதியே வாசலுக்கு வந்துவிட்டது!

மாடி அறையில், அவள் புருஷன் கௌசிக் கீபோர்டின் மேல் குப்புறக் கிடந்தான். வாயில் நுரை. பக்கத்தில் பாதி குடித்த காபி.

வெளிநாட்டு வங்கியின் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டருக்கு அசெம்ப்ளர் மொழியில் ப்ரோக்ராம் எழுதுகிறவன்.

ஆம்புலன்ஸ் அவனை அள்ளிப் போனது. நர்மதாவும் ஏறப் போனாள். தகவல் தெரிந்து வந்து அறையைப் பார்த்திருந்த எஸ்.ஐ. அர்த்தநாரி மறித்தார். திரையில் கௌசிக்கின் கடைசி வரி...

DC A(NARMADA)

"உங்க பேருங் அம்மணி. ஜீப்புல ஏறுங்க."

"சார்! அங்க எங்க ஊட்டுக்காரரு உசுருக்குப் போராடறாருங்க!"

கீழ்வீட்டில் தங்கியிருக்கும் பீர்மேட்டுக்காரன் பாண்டித்துரை, கௌசிக்கின் டீம்காரன், தொண்டையைச் செருமினான்.

"அது அட்ரஸ் கான்ஸ்டன்ட் சார். ஒரு பேரு எந்த விலாசத்துல இருக்குன்னு குறிச்சு வைக்கிறது. மயங்குற நேரத்துல மதினி பேரக் குறிச்சிருக்காரு. பாவம்..."

கல்யாணத்துக்கு முன்னால் நர்மதாவும் அசெம்ப்ளர் எழுதியவள்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

"A போட்டா அந்தப் பேரு அதே ப்ரோக்ராமுக்குள்ள இருக்கோணும் சார். வெளிய இருந்தா V போடோணும். நர்மதாங்கறது எம்பேருல அவரு எழுதுன தனி ப்ரோக்ராம். அவரு செத்தாலும் A போடமாட்டாரு!"

"அப்ப யாரு போட்டது?"

"எப்பப் பாரு A போட்டுத் திட்டு வாங்கறது இந்தப் பாண்டிதானுங்க! போன வாரம் முப்பத்தொரு பிட் நீள விலாசத்தை இருபத்துநாலு பிட்டே கொள்ற மோடுல ஓட்டி, விலாசத்தோட தலையவே நறுக்கிப் போட்டாரு. வங்கியே படுத்துருச்சு! அதை இன்னிக்கு மேலிடத்துல சொல்லப் போறேன்னாரு எங்க ஊட்டுக்காரரு. பழிய எம்மேல போட இவருதான் இதை அடிச்சிருக்காரு!"

பாண்டித்துரைக்கு வியர்த்து ஊற்றியது.

"அபாண்டம் சார்! அந்த வரிய நான் தொடவே இல்ல! காபியில மாத்திரைய மட்டுந்தான் போட்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். ரொம்ப லேட்!

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கௌசிக் கண் விழித்தான். வாக்குமூலம் வாங்க அர்த்தநாரி வந்திருந்தார். நர்மதா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நர்மதா... அந்தக் கடைசி வரி..."

"பாண்டி அடிச்சதுதானுங்க? புடிச்சாச்சு!"

"அவன் இல்ல... நாந்தான். உம்பேருல எழுதுன ப்ரோக்ராமைக் கூப்பிடறதுக்கு அடிச்சேன். கண்ணு சொருகிருச்சு... V போடறதுக்குப் பதிலா A போட்டுட்டேன்."

நர்மதாவின் அழுகை பட்டென்று நின்றது.

"ஏனுங்க! உங்க ஒத்தை எழுத்துக்கு நான் கம்பி எண்ணியிருப்பேனுங்க!"

"அதை விடு. யாரும் பாக்கறதுக்குள்ள அழிச்சுப் போடு... டீமுல மானம் போயிரும்!"

அர்த்தநாரி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அழிக்க முடியாதுங் தம்பி. அது இனி கேஸுல சாட்சி... கோர்ட்டுல ஜட்ஜே சத்தமா வாசிப்பாரு!"