பாதிப் பங்கு

வீரய்யாவும் அவன் மைத்துனன் மாயாண்டியும் காட்டு விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் பனிமூட்டம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே, தேயிலை மலை முடிந்து புல்வெளி தொடங்குகிற இடம் அது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் காடு. வீரய்யாவின் தோளில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்கு அவனைக் காவல் போட்டபோது, பன்றியை விரட்டச் சொல்லித் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா கொடுத்த துப்பாக்கி. அதை எடுத்துக்கொண்டு அவன் மரைமான் வேட்டைக்குக் கிளம்பியிருந்தான். சுடத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பான். வானத்தைப் பார்த்துச் சுட்டதெல்லாம் கணக்கில் சேருமானால், தெரியும்தான்.

ஐம்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம். புல் நுனியெல்லாம் காலையில் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலம். அந்தக் குளிரில் இவன் காடு காடாக அலைந்ததற்குக் காரணம் அவன் மனைவி நாகலெட்சுமி.

அவளுக்கு ஏழாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. இந்த முறை தங்கியிருந்தது. வேண்டும் என்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மரைக்கறி. சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக் கொடுத்தான். முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்காள் சொன்னார்கள். வீரய்யாவுக்குக் காதைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளை பிறக்காமலே போய்விடுமோ என்பதுதான் அவன் பயம். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தான்.

மரை கிடைக்கிற இடம் எது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பிடிபட்டால் ஜெயில். தெரிந்தவனும் தெரியாது என்பான். ஆகவே வீரய்யா தானே கண்டுபிடிக்கப் பார்த்தான். முதலில் ஓடைக்கரையில் உட்கார்ந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் மரை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. காலையில் குளம்புத் தடம் மட்டும் அவன் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது. அடுத்து மேட்டில் உட்கார்ந்தான். காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்து, மனித வாடையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்னொரு நாள் காற்றெல்லாம் சரியாக இருந்தது. மரையும் புதர் ஓரம் தலையை நீட்டியது. அந்த நேரம் பார்த்து மாயாண்டிக்குத் தும்மல்.

"ஒன்னயெல்லாம் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"தும்மலு என்ன சொல்லிட்டா மச்சான் வருது?"

போகப் போக வீரய்யாவுக்குக் கொஞ்சம் பிடிபட்டது. ஈரப் புழுக்கை எங்கே கிடக்கிறது, எந்த மரத்தில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருக்கிறது, எந்தச் சேற்றில் மரை புரண்டிருக்கிறது என்றெல்லாம் பார்க்கப் பழகிவிட்டான். நல்ல இடங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. வயிற்றெரிச்சலும் அப்போதுதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் நல்ல இடம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன் முந்திக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் இடத்தில் உட்காருகிறவன் வழியோரம் மானாப்புல்லைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவான். முடிச்சைப் பார்த்த அடுத்தவன் வேறு இடம் பார்க்க வேண்டும். மூட்டத்தில் ஒருவனை ஒருவன் சுட்டுத் தொலைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. மீறி உட்கார்ந்தால், விழுகிற மிருகத்தில் பாதி முடிச்சுப் போட்டவனுக்கு. இது தவறணைக் காவல்காரனுக்குக்கூடத் தெரியும்.

வீரய்யா தேடிக் கண்டுபிடித்த இடத்திலெல்லாம் முடிச்சு இருந்தது. ஒரே கையின் முடிச்சு; இடப்பக்கமாகச் சுற்றி இறுக்கியது. சீக்கிரம் போனாலும் இருந்தது. தோட்டத்து ஆட்கள் பெரட்டுக்குக் கூடும் முன்னால் இருட்டோடு போனாலும் இருந்தது. பாதை இல்லாத சரிவில் விழுந்து எழுந்து போனாலும் இருந்தது. ஆளை மட்டும் ஒருநாளும் காணவில்லை.

அந்தப் பிற்பகலில் அவர்கள் கண்ட இடம் எல்லாவற்றையும்விட நல்ல இடம். பாறைக்குக் கீழே ஒரு சேற்றுக் குழி. சுற்றிலும் தடம். காற்றும் முகத்துக்கு நேராக வந்தது. வீரய்யாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பிறகு மாயாண்டி புல்லைக் காட்டினான்.

"மச்சான்… முடிச்சு."

வீரய்யா குனிந்தான். முடிச்சைப் பிடுங்கி, பிய்த்து, காலால் மிதித்தான்.

"காடு என்ன இவன் அப்பன் வீட்டுக் காடா? உக்காருடா."

"வேணாம் மச்சான். பாதி குடுக்கணும்."

"உக்காருன்னா உக்காரு!"

உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மூட்டம் இறங்கியது. முதலில் எதிர்க் காடு போயிற்று. பிறகு சேற்றுக் குழியின் அக்கரை போயிற்று. பறவைகளின் சத்தம் நின்றது. ஈரப் பாசியின் வாடையோடு இன்னொரு வாடையும் மெல்ல வந்தது.

சுருட்டு.

பக்கத்தில் யாரோ இருமினார்கள். நெஞ்சில் சளி கட்டிய இருமல். பாறைக்கு அந்தப் பக்கம் என்று வீரய்யா நினைத்தான். மாயாண்டி அப்படி நினைக்கவில்லை. தன் இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டதாக அவன் பின்னால் சொன்னான்.

இந்தப் புகைக்கு இனி ஒரு முயல்கூட வராது என்று வீரய்யா பல்லைக் கடித்தான்.

ஆனால் மரை வந்தது.

ஒரு வயதுக் குட்டி. சேற்றோரம் வந்து நின்று தலையைத் தூக்கியது. அது வீரய்யாவைப் பார்க்கவில்லை. மாயாண்டிக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத இடத்தைப் பார்த்தது. கூப்பிட்ட மாடு மாதிரி இரண்டு எட்டு எடுத்து வைத்தது. வீரய்யா சுட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறி தப்பவில்லை.

மரையை அறுத்து இரண்டு சாக்கில் கட்டினார்கள். சாக்கைத் தோளில் ஏற்றும்போது மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமில்லாத, அலுத்துப்போன கிழட்டுக் குரல்.

"பாதி வச்சுட்டுப் போ, தம்பி."

மாயாண்டி உடனே சாக்கை இறக்கினான். "வச்சுட்டுப் போயிருவோம் மச்சான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வீரய்யாவுக்கு இத்தனை நாள் அலைச்சலும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. பனியில் மரத்த கால், தூங்காத கண், வீட்டுக்குப் போனதும் வெறுங்கையைப் பார்க்கிற நாகலெட்சுமி. எல்லாவற்றுக்கும் இந்த ஒருத்தன்தான் காரணம் என்று தோன்றியது.

"பாதியாவது கீதியாவது! வேணும்னா எங்க வூட்டுக்கு வந்து வாங்கிக்க!"

வீரய்யா திரும்பி நடந்தான்.

"சரி தம்பி," என்றது குரல். "வர்றேன்."

மாயாண்டி அந்த இறைச்சியில் ஒரு துண்டும் தொடவில்லை. லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் வம்பு என்று வீரய்யாவும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏனோ அவனுக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை. உப்புக் கண்டம் போட்டு அடுப்புக்கு மேலே கட்டியதை நாகலெட்சுமி ஒருத்தியே தின்றாள். தின்னத் தின்ன அவள் முகம் தெளிந்தது. வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று அவன் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். வீரய்யா பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

ஒரு நாள் பிற்பகல் அவன் தவறணையிலிருந்து வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"ஏங்க, ஒங்க கூட்டாளி வந்துட்டு இப்பத்தான் போறாரு. மூட்டத்துல எதிர்க்கப் பாக்கலையா?"

"எந்தக் கூட்டாளி?"

"பெருசு ஒருத்தரு. உக்காருங்கன்னேன். உக்காந்து உக்காந்துதான் காலு மரத்துப் போச்சுன்னாரு. மரையில பாதி அவரு பங்காமே? நாந்தான் எல்லாத்தையும் தின்னுட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு வெக்கமாப் போச்சு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. எங்க போயிறப் போவுது, அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்னாரு." அவள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவரு பார்வ எனக்குப் புடிக்கலங்க."

மறுநாளே மாயாண்டி தோட்டத்தின் கீழ் டிவிசனில் விசாரித்துவிட்டு வந்தான். வந்தவன் உள்ளே வரவில்லை. வீரய்யாவை லயத்துக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"இடப்பக்கமா முடிச்சுப் போடுறது செல்லசாமின்னு ஒருத்தராம் மச்சான்."

"ஆளு எங்க இருக்கான்? போயிப் பேசிருவோம்."

"முந்தின வருசத்துப் பனியில அந்தச் சேத்துக் குழியில மரைக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு. உக்காந்த வாக்குலயே வெறச்சுப் போயிருந்தாராம்."

அதற்குப் பிறகு வீரய்யா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஓர் ஆட்டை வாங்கி அறுத்து, சரிபாதியைச் சுமந்துபோய்ப் பாறையடியில் வைத்தான். சாராயமும் சுருட்டும் வைத்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆட்டுக்கறியை நரிகூடத் தொடவில்லை. மரையில் கடன்பட்டதை மரையால்தான் தீர்க்க வேண்டுமென்று திரும்பவும் துப்பாக்கியைத் தூக்கினான். இப்போது எந்த இடத்திலும் முடிச்சு இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் காடு முழுவதும் ஒரு தடம் கிடையாது, ஒரு புழுக்கை கிடையாது. ஒரு நாள் அந்தப் பாறையில் உட்கார்ந்து, "என்னதான்யா வேணும் ஒனக்கு?" என்று கத்திக் கத்தி அழுதான். இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த ஆள் இப்போது அங்கே உட்காருவதில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். லயம் அதிர அழுதாள். பூரணி என்று பெயர் வைத்தார்கள். வீரய்யா அவள் இரண்டு காதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தான்.

பிள்ளைக்கு முப்பதாம் நாள் சடங்கு கழிந்த பிறகு ஒரு பிற்பகல், மூட்டம் இறங்கி வாசலை மறைத்தது. தூளியில் அழுதுகொண்டிருந்த பிள்ளை பாதி அழுகையில் நிறுத்தினாள்.

நாகலெட்சுமி குனிந்து பார்த்தாள்.

கண் திறந்திருந்தது.

மூச்சும் இருந்தது. கையை ஆட்டினால் கண் அசையவில்லை. கிள்ளினால் அழவில்லை. உடம்பு ஓடைக்கல்லாகச் சில்லிட்டிருந்தது. அள்ளிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போய்ச் சேருவதற்குள் மூட்டம் கலைந்தது. பிள்ளை விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். அவள் தலைமயிர் பனியில் நனைந்திருந்தது. உள்ளங்காலில் சேறு ஒட்டியிருந்தது.

வலிப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மருந்து கொடுத்தார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். நாள்தோறும் மூட்டம் இறங்கும்போது பிள்ளை போய்விடும், கலையும்போது வந்துவிடும். மழைக்காலத்தில் பகலில் பாதி அப்படியே போயிற்று. வீரய்யா தவறணைக்குப் போவதை விட்டுவிட்டு வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தான். யாரைச் சுடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாதங்கள் போயின. இந்த வயதில் மற்றப் பிள்ளைகள் முகம் பார்த்துச் சிரிக்கும். பூரணி சிரிக்கவில்லை. நாகலெட்சுமி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், வயிற்றில் ஊதிப் பார்த்தாள், மாயாண்டி குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் மூட்டம் இறங்கியது. நாகலெட்சுமி சில்லிட்ட உடம்பை மடியில் போட்டுக் கம்பளியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீரய்யா பக்கத்தில் இருந்தான்.

மேலே, காட்டு விளிம்பில், ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

வீரய்யா பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. விரலை வைத்தும் பார்த்தான்.

"நம்ம பூரணிங்க," என்றாள் நாகலெட்சுமி மெதுவாக. "மொதத் தடவையா சிரிக்கிறா."

மேலே அது இன்னொரு முறை சிரித்தது.